காகிதப் பைக்குள் ஒளித்த புத்தகம்: வால்டர் டீன் மயர்ஸ்

1940-களின் கடைசியில், கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு கறுப்பினப் பையன் நூலகத்துக்குப் போகும்போது பழுப்புக் காகிதப் பை ஒன்றையும் கையோடு எடுத்துப் போவான். நூலகத்தில் எடுத்த புத்தகங்களை அதற்குள் போட்டு மறைத்து வீட்டுக்குக் கொண்டுவரத்தான் அந்தப் பை. வயதுக்கு மீறிய உயரம், கூடைப்பந்தில் கெட்டி, சண்டை என்று வந்தால் முதல் அடி இவனுடையதாக இருக்கும். அப்பேர்ப்பட்டவன் புத்தகத்தைச் சுமந்துகொண்டு போவதைத் தெருப் பையன்கள் பார்த்துவிட்டால் அதற்கப்புறம் அந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது. இந்தப் பையன்தான் பின்னாளில் நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதி, அமெரிக்க இளையோர் இலக்கியத்தில் பெரிய பெயர்களில் ஒன்றான வால்டர் டீன் மயர்ஸ்.

அவருடைய வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இந்த மறைத்தல்தான். மகன் தான் படிப்பதை மறைத்தான். அதே வீட்டில் இன்னொருவர் வேறொன்றை மறைத்துக்கொண்டிருந்தார். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் குடும்பம். அதைக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1937 ஆகஸ்ட் 12 அன்று மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் ஊரில் பிறந்தபோது அவர் பெயர் வால்டர் மில்டன் மயர்ஸ். நினைவு தெரிவதற்கு முன்பே தாய் இறந்துவிட்டார். தகப்பன் ஜார்ஜ் மயர்ஸின் வீட்டில் பிள்ளைகள் அதிகம், வருமானம் குறைவு. ஜார்ஜின் முதல் மனைவி புளோரன்ஸ், மணமுறிவுக்குப் பிறகு ஹெர்பர்ட் டீன் என்பவரை மணந்து ஹார்லெமில் வாழ்ந்துகொண்டிருந்தார். தன் இரண்டு மகள்களைக் கூட்டிப்போக வந்த அந்த அம்மா, தனக்கு ரத்த சம்பந்தமே இல்லாத இந்தச் சின்னப் பையனையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனார். தத்துக்குச் சட்டப்படி எந்தக் காகிதமும் இல்லை, வளர்த்தார்கள், அவ்வளவுதான். புளோரன்ஸ் ஜெர்மானிய, செவ்விந்திய வம்சாவளி, ஹெர்பர்ட் கறுப்பினத்தவர். எழுத்தாளரான பின் 'மில்டன்' என்ற பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'டீன்' என்று வைத்துக்கொண்டது இவர்கள் நினைவாகத்தான்.

வாசிக்கக் கற்றுக்கொடுத்தது புளோரன்ஸ். அவரும் பெரிய படிப்பாளி இல்லை. கடையில் விற்கும் காதல் கதைப் பத்திரிகைகளை மடியில் விரித்து, வரிக்கு வரி விரலை ஓட்டிச் சத்தமாகப் படிப்பார். மடியில் உட்கார்ந்து விரலையே பார்த்துக்கொண்டிருந்த பையனுக்குப் பள்ளிக்குப் போவதற்கு முன்பே எழுத்து பிடிபட்டுவிட்டது. எதைக் கொடுத்துப் படிக்க வைக்கலாம் என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பெற்றோர் கவனிக்கலாம், இத்தனை விருது வாங்கியவரின் பாலபாடம் மலிவு விலைக் காதல் கதைகள்தான்.

பள்ளியில் வேறொரு சிக்கல். பேச்சு தெளிவாக வராது. சில ஒலிகள் வாயில் சிக்கிக்கொள்ளும், மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள், இவன் கை ஓங்குவான், தண்டனை கிடைக்கும். ஐந்தாம் வகுப்பில் பாட நேரத்தில் காமிக்ஸ் படித்துக்கொண்டிருந்தபோது ஆசிரியை பிடித்துக் கிழித்துப் போட்டார். கிழித்ததோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமிருந்திருக்காது. அடுத்து ஒரு அடுக்குப் புத்தகங்களைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். வகுப்பின் முன்னால் நின்று வாசிக்க வேண்டுமா, உனக்கு உச்சரிக்க வருகிற சொற்களை வைத்து நீயே எழுதிக்கொண்டு வந்து வாசி என்ற யோசனையும் அந்தக் காலத்தில் கிடைத்தது. கடினமான சொற்களைத் தவிர்ப்பதற்காகக் கவிதை எழுத ஆரம்பித்தான். யோசித்துப் பார்த்தால் பிற்காலத்தில் அவர் உரையாடலில் காட்டிய கூர்மைக்கு இந்தப் பயிற்சியும் ஒரு காரணமாக இருக்கலாம். வாயில் வைத்துப் பார்க்காமல் அவர் எந்தச் சொல்லையும் எழுதியதாகத் தெரியவில்லை.

நுழைவுத் தேர்வில் ஜெயித்தால்தான் சேர முடிகிற ஸ்டைவசன்ட் உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்தது. ஆனால் அங்கேதான் எல்லாம் சரியத் தொடங்கியது. உடன் படிக்கிறவர்கள் எந்தக் கல்லூரிக்குப் போவது என்று பேசுகிறார்கள், இவருக்கு வீட்டில் கல்லூரிக்குப் பணமே கிடையாது என்பது உறைக்கிறது. வீட்டிலும் நிம்மதி இல்லை. தன் சுயசரிதையான 'பேட் பாய்' நூலில் வளர்ப்புத் தாயின் குடிப்பழக்கத்தையும் சூதாட்டத்தையும் அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டுப் பூங்காவில் மரத்தடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். புத்தகத்துக்காகப் பள்ளியைக் கட் அடித்த பையன் என்று சொல்லலாம்! அவர் விலகப்போகிறார் என்று புரிந்துகொண்ட ஆசிரியை ஒருவர், என்ன நடந்தாலும் எழுதுவதை மட்டும் விட்டுவிடாதே என்று சொல்லியிருக்கிறார். 17-வது பிறந்தநாள் அன்று பட்டாளத்தில் சேர்ந்தார். 1954.

பட்டாளத்திலிருந்து திரும்பிய பிறகு பத்து ஆண்டுகளுக்கும் மேல் கையில் கிடைத்த வேலை. தபால் அலுவலகம், தூதஞ்சல், கட்டுமான வேலை, அலுவலக எழுத்தர் வேலை. கட்டுமான இடத்தில் ஒருநாள் அந்த ஆசிரியை சொன்னது நினைவுக்கு வந்து, இரவுகளில் எழுத ஆரம்பித்தார். கவிதை, சாகசக் கதை என்று எந்தப் பத்திரிகை போட்டாலும் சரி என்ற நிலை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை விளக்க வேண்டும், இல்லையென்றால் அவர் ஏன் முக்கியம் என்பது பிடிபடாது. சிறுவனாக இருந்தபோது புத்தகம் புத்தகமாகத் தின்றவர், பதின்ம வயதில் வாசிப்பிலிருந்து விலகத் தொடங்கினார். காரணத்தை 2014-ல் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையில் அவரே சொல்கிறார். தான் யார் என்று கேட்க ஆரம்பித்த வயதில், படித்த புத்தகங்களில் தன்னைப் போல ஒருவருமே இல்லை என்பது உறைத்தது. மேலே ஏறுகிறவர்கள், காதலிக்கிறவர்கள், தத்துவம் பேசுகிறவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். அப்புறம் பட்டாளத்திலிருந்து வந்த பிறகு, கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் எழுதிய 'சன்னிஸ் புளூஸ்' என்ற சிறுகதை கையில் கிடைக்கிறது. ஹார்லெம்காரர்களைப் பற்றி ஹார்லெம்காரர் எழுதிய கதை. அந்தக் கதை தன் தெருவைப் பற்றி எழுதத் தனக்கு அனுமதி கொடுத்ததாக மயர்ஸ் சொல்கிறார். 'அனுமதி' என்பது விசித்திரமான சொல், யார் யாரிடம் அனுமதி கேட்பது? ஆனால் அப்படித்தான் இருந்தது. பின்னாளில் பால்ட்வினை ஒரே ஒரு முறை சந்தித்தபோது இதைச் சொல்லியிருக்கிறார். நீ சொல்வது எனக்கு நன்றாகப் புரிகிறது, நான் யார் என்று தேட நான் ஹார்லெமையும் இந்த நாட்டையும் விட்டே போக வேண்டியிருந்தது என்றாராம் பால்ட்வின்.

இது ஏதோ ஒரு தனிமனிதரின் மனக்குறை என்று நினைத்துவிட வேண்டாம். 1965-ல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் ஒரு கணக்கெடுத்து வெளியிட்டார். 1962 முதல் 1964 வரை அமெரிக்காவில் வெளியான 5,206 சிறுவர் நூல்களில் 349-ல் மட்டும்தான், படத்திலோ எழுத்திலோ, ஒரு கறுப்பினத்தவராவது இருந்தார். 6.7 சதவீதம். அதிலும் பல, அந்தக் காலத்து வாழ்க்கையைத் தொடாமல் பழைய காலத்திலோ வேறு நாட்டிலோ நடக்கிற கதைகள். நியூயார்க்கின் மழலையர் பள்ளி ஒன்றில் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி படப் புத்தகத்தைப் பார்த்து, ஏன் எப்பவும் வெள்ளைக்காரப் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள் என்று கேட்டாள். லாரிக்கின் கட்டுரை அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. அதே 1965-ல் வந்த கல்விச் சட்டத்தால் பள்ளி நூலகங்களுக்கு மத்திய அரசின் பணம் வரத் தொடங்கியது. நகரத்துப் பள்ளிகளின் நூலகர்கள் தங்கள் மாணவர்களுக்குப் பொருந்துகிற நூல்கள் எங்கே என்று கேட்க, பதிப்பாளர்களும் எழுத்தாளர்களைத் தேட ஆரம்பித்தார்கள்.

மயர்ஸ் உள்ளே நுழைந்தது இந்தக் கதவு வழியாகத்தான். சிறுவர் நூல்களில் எல்லா இனத்தவருக்கும் இடம் வேண்டும் என்று இயங்கிய ஓர் அமைப்பு 1968-ல் கறுப்பின எழுத்தாளர்களுக்குப் போட்டி நடத்தியது. குழந்தைகளுக்கு எழுத வேண்டும் என்ற எண்ணம் அதுவரை அவருக்கு இல்லை, எங்காவது அச்சில் வர வேண்டும், அவ்வளவுதான். ஜெயித்தார். அது 'வேர் டஸ் தி டே கோ?' என்ற படப் புத்தகமாக 1969-ல் வந்தது. மாலையில் ஓர் அப்பா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார். பகல் எங்கே போகிறது என்று ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள். அப்பா பொறுமையாகக் கேட்டு விளக்குகிறார். வேறு ஒன்றும் பெரிதாக நடப்பதில்லை. ஆனால் கறுப்பின அப்பா ஒருவர் பிள்ளைகளின் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்கிற காட்சி அன்றைய படப் புத்தகங்களில் எத்தனை இருந்திருக்கும் என்று மேலே சொன்ன கணக்கை வைத்து நீங்களே ஊகிக்கலாம்.

1970-ல் பதிப்பகம் ஒன்றில் ஆசிரியர் வேலை கிடைத்தது, அந்தத் தொழில் உள்ளேயிருந்து எப்படி ஓடுகிறது என்று கற்றுக்கொண்டார். 1977-ல் அந்த வேலை போனது. அதற்குப் பிறகு முழுநேர எழுத்துதான்.

அவருடைய முதல் நாவல் பிறந்த கதை வேடிக்கையானது. ஹார்லெம் பையன்களைப் பற்றி ஒரு சிறுகதை எழுதியிருந்தார். அதைப் படித்த பதிப்பாசிரியர் ஒருவர், இது ஒரு நாவலின் முதல் அத்தியாயம் என்று நினைத்துக்கொண்டு, மீதிக் கதை எப்படிப் போகும் என்று ஒரு விருந்தில் கேட்டார். மயர்ஸ் முகத்தில் ஒன்றும் காட்டாமல் நின்ற இடத்திலேயே மீதியைக் கட்டிச் சொல்ல, ஒப்பந்தம் கிடைத்தது. அதுதான் 1975-ல் வந்த 'ஃபாஸ்ட் சாம், கூல் கிளைட், அண்ட் ஸ்டஃப்'. பேச்சு வராமல் வகுப்பில் தடுமாறிய பையன் விருந்தில் ஒரு முழு நாவலை வாயாலேயே பின்னியிருக்கிறார், பாருங்கள். கூடைப்பந்து, நட்பு, கொஞ்சம் போலீஸ் தொல்லை, நிறையச் சிரிப்பு உள்ள நாவல் அது. ஹார்லெம் என்றாலே போதை, குற்றம் என்று வெளியுலகம் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அங்கேயும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வளர்கிறார்கள் என்று காட்டியது.

எல்லாம் ஏறுமுகமாக இருந்ததா என்றால், இல்லை. அரசுப் பணம் குறைந்தவுடன் பதிப்பாளர்களின் ஆர்வமும் குறைந்தது. 1974-ல் கறுப்பின வாழ்க்கை பற்றிய சிறுவர் நூல்கள் 900-க்கும் மேல் விற்பனையில் இருந்தன, பத்தே ஆண்டில் அது பாதியாகிவிட்டது என்று 1986-ல் மயர்ஸ் எழுதினார். இந்தத் தொழிலையே நாம் புரட்டிப்போடப் போகிறோம் என்று நிஜமாகவே நம்பினேன் என்பதுதான் அந்தக் கட்டுரையின் தலைப்பே. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் மையம் கணக்கெடுக்கத் தொடங்கிய 1985-ல், வெளியான சுமார் 2,500 நூல்களில் கறுப்பினத்தவர் எழுதியதோ வரைந்ததோ வெறும் 18.

ஆனால் அவருடைய சிறந்த எழுத்து வந்தது இந்த வறட்சிக் காலத்துக்குப் பிறகுதான் என்பது என் கணிப்பு. 1988-ல் இரண்டு நாவல்கள். ஒன்று 'ஸ்கார்பியன்ஸ்'. அண்ணன் சிறையில் இருக்க, அவனுடைய கும்பலுக்குத் தலைமை ஏற்கச் சொல்லி 12 வயது ஜமால் கையில் துப்பாக்கி வருகிறது. இதற்குச் சிறுவர் நூல்களுக்கான நியூபெரி கௌரவ விருது கிடைத்தது. இன்னொன்று 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்'. இது அவருடைய சொந்தக் காயம். மயர்ஸ் பட்டாளத்துக்குப் போனதைப் பார்த்துத் தானும் போன அவருடைய தம்பி 1968-ல் வியட்நாமில் கொல்லப்பட்டான். போன கொஞ்ச நாளிலேயே. இருபது ஆண்டுகள் அதைச் சுமந்துவிட்டு எழுதிய நாவல், தம்பிக்குத்தான் சமர்ப்பணம். கல்லூரிக்குப் பணம் இல்லாமல் பட்டாளத்தில் சேரும் ஹார்லெம் பையன் ரிச்சி பெர்ரி, முழங்கால் பழுது என்று சொல்லியும் காகிதம் வந்து சேராததால் போர்முனைக்குப் போய்ச் சேர்கிறான். அவன் ஏன் போனான் என்று பார்த்தால் மயர்ஸ் 17 வயதில் ஏன் போனார் என்பதும் புரியும். படைவீரர்கள் பேசுகிற கெட்ட வார்த்தைகளுக்காக இந்தப் புத்தகத்தைப் பள்ளி நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லிப் பல ஊர்களில் புகார் கிளம்பியது. செத்து விழுகிற 17 வயதுப் பையன்கள் சரி, அவர்கள் வாயில் வரும் வசவுதான் பிரச்சினை போலிருக்கிறது.

நூறு புத்தகமும் ஒரே தரமா என்றால் இல்லைதான். விளையாட்டு நாவல்களில் சிலவற்றின் பாத்திரங்கள் ஒரே அச்சில் வார்த்தது போலத் தெரியும். தினமும் இத்தனை பக்கம் என்று கணக்கு வைத்து எழுதியவர் அவர். ஆனால் 1999-ல் வந்த 'மான்ஸ்டர்' வேறு தளம்.

சிறைகளுக்கும் சிறார் காவல் இல்லங்களுக்கும் அடிக்கடி போய்ப் பேசுவது அவர் வழக்கம். அங்கே கைதிகளிடம் பேசும்போது ஒன்றைக் கவனித்தார். குழந்தைப் பருவம், அம்மா, பள்ளி என்று பேசும்வரை 'நான், நான்' என்கிறார்கள். குற்றம் நடந்த இடத்துக்குப் பேச்சு வந்ததும் 'நான்' மறைந்துபோகிறது. யாரோ ஒருவர் செய்ததை ஓரமாக நின்று பார்த்தவர் மாதிரி சொல்கிறார்கள். நாவலின் வடிவமே இந்தக் கவனிப்பிலிருந்து வந்தது. ஸ்டீவ் ஹார்மன், வயது 16. மருந்துக்கடைக் கொள்ளை ஒன்றில் கடைக்காரர் சுடப்பட்டுச் செத்துப்போகிறார். ஸ்டீவ் முன்னால் போய்க் கடையில் யாராவது இருக்கிறார்களா என்று நோட்டம் பார்த்தான் என்பது குற்றச்சாட்டு. அங்கே உள்ள சட்டப்படி, கொள்ளையின் நடுவே ஓர் உயிர் போனால் கொள்ளையில் கூட்டுச் சேர்ந்த எல்லோர் மேலும் கொலைப் பழி விழும், துப்பாக்கியைத் தொட்டிருக்காவிட்டாலும். சினிமா பைத்தியமான ஸ்டீவ் தன் வழக்கையே திரைக்கதையாக எழுதுகிறான். நடுநடுவே சிறையறையில் எழுதிய நாட்குறிப்பு. நாட்குறிப்பில் 'நான்', திரைக்கதையில் 'ஸ்டீவ்'. அரசு வழக்கறிஞர் பயன்படுத்திய 'அரக்கன்' என்ற சொல்தான் தலைப்பு.

அவன் கடைக்குள் போனானா இல்லையா? கடைசிவரை மயர்ஸ் நேராகச் சொல்வதில்லை. முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். விடுதலை என்று தீர்ப்பு வருகிறது. ஸ்டீவ் கைகளை விரித்துத் தன் வழக்கறிஞரை அணைக்கப் போகிறான். இத்தனை நாள் அவனுக்காக வாதாடிய அந்தப் பெண் உடல் விறைத்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். என்னைப் பார்த்தபோது அவர் எதைப் பார்த்தார் என்ற கேள்வியோடு நாவல் நிற்கிறது. இளையோர் நூல்களுக்காகத் தொடங்கப்பட்ட பிரின்ட்ஸ் விருது 2000-ல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது இந்த நாவலுக்குத்தான்.

அந்த 'எதைப் பார்த்தார்' என்ற கேள்வியை மயர்ஸ் கற்பனையில் பிடிக்கவில்லை. இளம் வயதில் ஒரு நிறுவனத்தின் ஆள்சேர்ப்புப் பிரிவில் வேலை பார்த்திருக்கிறார். வேதியியலாளர் பணிக்கு இரண்டு பேர், ஒருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பினத்தவர், தகுதி ஏறக்குறைய சமம். இரண்டு பேரையும் ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று மயர்ஸ் சொன்னதும் துறைத் தலைவர் விழித்திருக்கிறார்: விளையாடுகிறாயா, அந்தக் கறுப்பு ஆள் ஒன்றும் வேதியியலாளர் இல்லை. சான்றிதழ் கையில் இருக்கிறது, ஆனால் அந்த மனிதரின் மனதில் கறுப்பு வேதியியலாளர் என்ற உருவமே இல்லை. கறுப்பினத்தவரைப் புத்தகத்தில் பார்க்காத வெள்ளைக் குழந்தை வளர்ந்து வேலை கொடுக்கிற இடத்தில் உட்காரும்போது இதுதான் நடக்கும் என்பது மயர்ஸின் வாதம். கறுப்பினக் குழந்தை தன்னைப் பார்த்துக்கொள்ளப் புத்தகம் என்ற கண்ணாடி வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள், இந்த மறுபக்கத்தை இவ்வளவு தெளிவாகச் சொன்னவர்கள் குறைவு.

சரி, அந்த இன்னொரு மறைத்தலுக்கு வருகிறேன். ஹெர்பர்ட் டீன். துப்புரவுப் பணி உட்படப் பல வேலைகள் செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர், சின்ன வயதில் பையனுக்குப் பயமுறுத்தும் கதைகளெல்லாம் சொல்லி மகிழ்ந்தவர். ஆனால் மகன் எழுதிய புத்தகங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ. எழுத்தை ஓர் ஆண்பிள்ளையின் வேலையாகவே அப்பா மதிக்கவில்லை என்று மயர்ஸ் பல ஆண்டுகள் மனதுக்குள் புழுங்கியிருக்கிறார். அப்பாவுக்குப் படிக்கவே தெரியாது என்பது வெகுகாலம் கழித்துத்தான் அவருக்குத் தெரியவந்தது. புத்தகத்தைக் காகிதப் பையில் ஒளித்த பையனும், எழுத்துத் தெரியாததை வாழ்நாள் முழுக்க ஒளித்த அப்பாவும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

2012-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவரை இரண்டு ஆண்டுகளுக்கு இளையோர் இலக்கியத்தின் தேசியத் தூதராக நியமித்தபோது அவர் தேர்ந்தெடுத்த முழக்கம், வாசிப்பு என்பது இஷ்டப்பட்டால் செய்கிற காரியம் அல்ல என்பது. முதலில் கேட்டபோது எனக்கு இது கொஞ்சம் வாத்தியார்த்தனமாகத்தான் பட்டது. வழக்கமாக இந்த மாதிரிப் பதவிக்கு வருகிறவர்கள் வாசிப்பு இன்பம், கற்பனைச் சிறகு என்றுதான் பேசுவார்கள். மயர்ஸ் அப்படிப் பேசவில்லை. படிக்க வராத பையன்கள் எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்பதைக் காவல் இல்லங்களில் பார்த்தவர், ஹெர்பர்ட்டைப் பார்த்தவர். அதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் முழக்கத்தின் தொனியே மாறிவிடுகிறது.

2014 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் கட்டுரை வந்தது. அதே நாளில் பக்கத்திலேயே அவருடைய மகன், ஓவியர் கிறிஸ்டோபர் மயர்ஸின் கட்டுரையும். ஹார்லெமைப் பற்றி அப்பா எழுதிய கவிதைக்குப் படம் வரைந்து, படப் புத்தக ஓவியத்துக்கான கால்டெகாட் கௌரவம் வாங்கியவர் இந்த மகன். முந்தைய ஆண்டு வெளியான 3,200 சிறுவர் நூல்களில் கறுப்பினத்தவரைப் பற்றியவை 93 என்ற எண்ணைச் சுற்றித்தான் இரண்டு கட்டுரைகளும். ஏறக்குறைய 3 சதவீதம், லாரிக் கணக்கெடுத்து அரை நூற்றாண்டு ஆன பிறகு. இரண்டு கணக்கும் அளக்கிற விதம் ஒன்றல்ல என்பதால் நேராக ஒப்பிட முடியாதுதான், இருந்தாலும் அந்த 93 மனதை விட்டுப் போவதில்லை. சில வாரங்களில் பலவகை மக்களும் இருக்கும் புத்தகங்கள் வேண்டும் என்ற குரல் சமூக ஊடகங்களில் பெரிதாக எழுந்து, பின்னால் ஓர் அமைப்பாகவே நிலைபெற்றது. ஜூலை 1 அன்று மயர்ஸ் காலமானார், 76 வயது.

அந்த அமைப்பு அவர் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தி 2016-ல் முதல் முறை கொடுத்தது. 'ஆல் அமெரிக்கன் பாய்ஸ்' நாவலை பிரெண்டன் கைலியுடன் சேர்ந்து எழுதிய ஜேசன் ரெனால்ட்ஸ் அதைப் பெற்றார். இதே தேசியத் தூதர் பொறுப்புக்கு 2020-ல் வந்தவரும் இவர்தான். ரெனால்ட்ஸ் 17 வயதுவரை ஒரு நாவலையும் முழுதாகப் படித்து முடித்ததில்லை. பிறகு எழுத வந்து, முதல் புத்தகம் எடுபடாமல், எழுத்தே வேண்டாம் என்று துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, நண்பர் கிறிஸ்டோபர் மயர்ஸ் வந்து என் அப்பாவின் புத்தகங்களைப் படித்துப் பார் என்றார். ரெனால்ட்ஸ் கையில் எடுத்தது 'தி யங் லேண்ட்லார்ட்ஸ்', 1979-ல் வந்தது, ஹார்லெமில் இடிந்துகொண்டிருக்கும் ஒரு கட்டடத்துக்கு எதிர்பாராமல் சொந்தக்காரர்களாகிவிடும் பிள்ளைகளின் கதை. பிள்ளைகள் தெருவில் பேசுகிற அதே பேச்சில் ஒரு முழு நாவலை எழுதலாம் என்று அதைப் படித்த பிறகுதான் தோன்றியது என்கிறார் ரெனால்ட்ஸ். திரும்பவும் எழுத உட்கார்ந்தார்.